எம்-சாண்ட் விலைக் கூட்டு: போட்டி ஆணையத்துக்கு மனு போடும் முன் கையில் என்ன இருக்க வேண்டும்

குமரி மாவட்டத்தில் தக்கலையில் கேட்டாலும் மார்த்தாண்டத்தில் கேட்டாலும் எம்-சாண்ட் யூனிட்டுக்கு ஒரே விலை, ஏற்றுவதும் ஒரே தேதியில். இதை மட்டும் எழுதி இந்தியப் போட்டி ஆணையத்துக்கு அனுப்பினால் மனு நிற்காது. டீசலோ சீனியரேஜோ (கனிமத்துக்கு அரசு வாங்கும் கட்டணம்) ஏறினால் எல்லாக் கிரஷரும் சேர்ந்தாற்போல்தான் ஏற்றும். சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிப்பாளர்கள் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்தது இந்தக் காரணத்தால்தான்: ஒரே மாதிரி விலை போட்டதை வைத்து மட்டும், பேசி வைத்து விலை போடும் கூட்டு என்று சொல்லிவிட முடியாது, சந்தை எப்படி அமைந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பேசி வைத்துக்கொண்டதற்குத் தடயம் வேண்டும். சங்க லெட்டர்பேடில் வந்த விலைப்பட்டியல், "இதற்குக் கீழே யாரும் கொடுக்கக் கூடாது" என்ற வாட்ஸ்அப் செய்தி, குறைத்து விற்றவருக்கு லோடு நிறுத்தியதாகக் கடிதம், இப்படி ஏதாவது. சங்கம் வைப்பதில் தவறில்லை. அது விலை நிர்ணயிக்கும்போதுதான் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் விலைக் கூட்டைத் தடுக்கும் 3(3) பிரிவு வருகிறது. பட்டியலைக் கடைச் சுவரிலேயே ஒட்டி வைப்பவர்களும் உண்டு. முதலில் அதைப் படம் எடுங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது ஆதாரத்தில். டாரஸ் லாரியில் வந்த லோடுக்கு ரொக்கம் கொடுத்து பில் வாங்காதவர்களால் எதையும் காட்ட முடியாது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. செய்தி வந்த போனை அழிக்காமல் வைத்து, மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் சேர்க்க வேண்டும். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பின், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம். தனிநபருக்கும் நுகர்வோர் சங்கத்துக்கும் கட்டணம் 5,000 ரூபாய். அதே கிரஷரில்தான் நாளையும் சரக்கு எடுக்க வேண்டும் என்றால், பெயரை ரகசியமாக வைக்கும்படி மனுவோடு கேட்டுவிடுங்கள்.

முகாந்திரம் இருப்பதாக ஆணையம் நினைத்தால், 26(1) பிரிவின்படி தன் விசாரணைப் பிரிவின் தலைமை இயக்குநரை விசாரிக்கச் சொல்லும். நீதித்துறை நடுவரின் வாரண்டோடு அவரது ஆட்கள் சோதனை போடலாம். முகாந்திரம் இல்லையென்று மூடினால், 60 நாளுக்குள் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

கூட்டு பெரும்பாலும் உள்ளிருந்துதான் உடைகிறது. கூட்டில் இருந்தவர்களில் முதலில் ஆணையத்திடம் வந்து முழுதாகச் சொல்பவருக்கு அபராதம் 100 சதவீதம் வரை குறையும், அடுத்தவருக்கு 50, மூன்றாமவருக்கு 30 வரை. ஆனால் தலைமை இயக்குநரின் அறிக்கை ஆணையத்துக்குப் போய்விட்டால் இந்தக் கதவு அடைந்துவிடும். பேட்டரி செல் வழக்கில் பானாசோனிக் இப்படித்தான் 2018-ல் முழுத் தள்ளுபடி பெற்றது. எவரெடிக்கும் நிப்போவுக்கும் அபராதம் விழுந்தது. கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போடலாம் என்பதால் உள்ளே இருப்பவர்களுக்குப் பயம் நிஜமானது.

சீக்கிரம் முடியும் என்று அவசரப்படுபவர்களுக்கு டயர் வழக்கு ஒரு பாடம். ரப்பர் விலை இறங்கியும் டயர் விலை இறங்காதது குலசேகரம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஐந்து நிறுவனங்களுக்கு மொத்தம் 1,788 கோடி ரூபாய் அபராதம் போட்ட உத்தரவு 2018-ல் கையெழுத்தாகி, நீதிமன்ற வழக்கால் 2022-ல்தான் வெளியானது. அந்த டிசம்பரிலேயே தீர்ப்பாயம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பிவிட்டது.

அபராதப் பணம் அரசுக்குத்தான் போகும். கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்பப் பெற, 53N பிரிவின் கீழ் அதே தீர்ப்பாயத்தில் தனியாக இழப்பீடு கேட்க வேண்டும். அதற்கும் அந்தப் பழைய பில்கள்தான் வேண்டும்.