அப்பாவின் .315 என் கைக்கு வந்த கதை

எட்டு மாதம், பதினொரு நடை. அப்பாவின் ரைபிள் நேற்றுதான் என் பெயருக்கு வந்தது. அந்தப் பதினொன்றில் ஏழு நடை ஒரே ஓர் எண்ணுக்காக.

மறையூர்ப் பக்கம் கரும்பு போட்டிருப்பவர்களிடம் காட்டுப்பன்றி பற்றி விளக்க வேண்டியதில்லை. பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்த பிறகு, உரிமம் உள்ள துப்பாக்கிக்கு எங்கள் ஊரில் தனி மரியாதை.

முதலில் ஒன்று: உரிமக்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பீரோவில் சும்மா கிடந்தாலும் அது உரிமமில்லாத ஆயுதம்தான். காரியம் முடிந்த கையோடு காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, உரிமம் பெற்ற கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். இன்னொன்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. உரிமக்காரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு இரண்டு தகுதியும் இருந்தது.

வாரிசுச் சான்றிதழ், தங்கைகளின் சம்மதக் கடிதம், மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் வரிசையாக முடிந்தன. அதன் பிறகு ஆரம்பித்தது வினை.

பழைய உரிமப் புத்தகத்தில் குழல் அளவு மையால் .315 என்று எழுதியிருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய புண்ணியவான் .303 என்று அடித்துவிட்டார். “.303 தடை செய்யப்பட்ட ரகம் சேட்டா. உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. அரசிடம் ஒப்படைத்துவிடுங்கள்” என்றார் எழுத்தர். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். மறுபடி அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் .303-ஐத் தள்ளிவைத்து .315-ஐக் கொடுத்தார்கள். அது 8 மில்லிமீட்டர் தோட்டா. இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த ரைபிள், பார்வைக்கு .303-இன் கூடப்பிறந்தது மாதிரியே இருக்கும். இதையெல்லாம் நான்கு முறை சொன்னேன். நான்கு முறையும் அவர் திரையைத்தான் என் பக்கம் திருப்பிக் காட்டினார். செல்போனில் படம் எடுத்துக் கொண்டுபோனேன். குழல் பளபளத்ததில் எழுத்து தெரியவில்லை என்று திருப்பிவிட்டார்.

வழி காட்டியவர் துப்பாக்கிக் கடைப் பெரியவர். “பட்டர் பேப்பர் வாங்கி வா தம்பி” என்றார். குழலில் எண் வெட்டியிருந்த இடத்தில் தாளை இழுத்துப் பிடித்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தார். புள்ளி, மூன்று, ஒன்று, பாதி தேய்ந்த ஐந்து. கருமைக்குள் வெள்ளையாக எழும்பி வந்தன. அடியில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் போலீஸ் ஆயுதப் பிரிவுக்கு நேரில் சரிபார்க்கும்படி கடிதம் போனது. அவர்கள் சோதிக்க எடுத்துக்கொண்டது பத்து நிமிடம்.

இந்த அமளிக்கு நடுவில் துபாயிலிருந்து சித்தப்பா மகன் போன். கிர்கிஸ்தானுக்கு ஐபெக்ஸ் என்ற மலையாட்டு வேட்டைக்குப் போகிறானாம். “அண்ணா, பெரியப்பா ரைபிளைக் கொண்டுபோகலாமா?” பக்கத்துத் தாலுகாவுக்கே அது வர மறுக்கிறது, நீ தியான்ஷான் மலைக்குக் கூப்பிடுகிறாயா என்றேன். அங்கே மூவாயிரம் மீட்டருக்கு மேல், முந்நூறு மீட்டர் தள்ளிப் பாறையில் நிற்கும் ஆட்டைச் சுட டெலஸ்கோப் வைத்த .300 வின்செஸ்டர் மேக்னம் மாதிரி ஏதாவது வேண்டும். வேட்டை ஏற்பாடு செய்பவர்களே வாடகைக்குத் தருவார்கள். இது வெறும் இரும்புக் குறி வைத்த பழைய ரைபிள். இரவிகுளத்தில் வெள்ளைக்கார துரைகள் வரையாடு சுட்ட கதையைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்த பையன், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த ஆட்டைப் பார்க்க டிக்கெட் வாங்கித்தான் போகிறோம்.

புது உரிமம் ஐந்து ஆண்டுக்கு. வாங்கியதும் கவுன்ட்டரை விட்டு நகராமல் ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் படித்தேன். பின்னால் நின்றவர் முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும். பட்டர் பேப்பரை லேமினேட் செய்து புத்தகத்துக்குள் செருகி வைத்திருக்கிறேன். புதுப்பிக்கப் போகும்போது அந்த நாற்காலியில் வேறு ஆள் இருப்பார்.