வெற்றிடத்தை வார்ப்பவர்

1963-இல் பிறந்த பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட், பொருள்களுக்கு உள்ளேயும் அடியிலும் இருக்கும் வெற்றிடத்தை வார்த்தெடுப்பவர். 1990-இல் வடக்கு லண்டன் வீடொன்றின் அறையைப் பிளாஸ்டரில் வார்த்த 'கோஸ்ட்' படைப்பில், சுவருக்குள் குழிந்திருந்த கணப்பு வெளியே துருத்தி நிற்க, அதில் பழைய கரியும் ஒட்டியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கரிதான். 1993-இல் கிழக்கு லண்டனின் குரோவ் ரோட்டில், வரிசை வீடுகளில் கடைசியாக எஞ்சிய ஒன்றின் உட்புறம் முழுவதையும் கான்கிரீட்டில் வார்த்து, பின்னர் சுவர்களை அகற்றி 'ஹவுஸ்' படைப்பை நிறுத்தினார். பிரிட்டனின் முக்கியக் கலை விருதான டர்னர் பரிசைப் பெற்ற முதல் பெண் என்ற பெருமை நவம்பரில் அவருக்குக் கிடைத்த அதே நாளில், உள்ளூர் மன்றம் 'ஹவுஸ்' படைப்பை இடிக்க முடிவெடுத்து, 1994 ஜனவரியில் இடித்தும்விட்டது. வியன்னாவில், நாஜிகளால் கொல்லப்பட்ட ஆஸ்திரிய யூதர்களுக்காக அவர் வடித்து 2000-இல் திறக்கப்பட்ட, நூலகம் போன்ற நினைவுச்சின்னத்தில் புத்தகங்களின் முதுகுகள் உள்நோக்கித் திரும்பியிருக்கும், கதவுகளுக்குக் கைப்பிடி கிடையாது; அவருடைய ஆக்கங்களில் மிகக் கண்டிப்பானது இதுவே என்பேன்.