பட்டரும் லெட்டரும்

ஒரு மதிப்பெண்ணுக்காக, அதுவும் வகுப்புத் தேர்வின் ஒற்றை மதிப்பெண்ணுக்காக, இத்தனை நாள் யோசிப்பது அதிகம்தான் என்று எனக்கே தெரிகிறது. ஆறாம் வகுப்புக்கு நான் கொடுத்த தாளில் ஐந்து ஆங்கிலச் சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ரைமிங் வேர்டும் அதன் தமிழ்ப் பொருளும் எழுத வேண்டும். 'பட்டர்' என்பதற்கு நேரே அந்தப் பெண் 'லெட்டர்' என்று எழுதி, பொருள் 'எழுத்து' என்று குறித்திருந்தாள். நான் சிவப்பு மையில் குறுக்கே கோடு இழுத்தேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், இது ஏன் தப்பு?"

"சத்தம் ஒத்துப் போகலையேம்மா. சொல்லிப் பாரு."

அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "ஒத்துத்தான் போகுது டீச்சர். ரெண்டாவது எழுத்து ஒண்ணுதானே? தமிழய்யா அதை எதுகைன்னு சொன்னாங்க."

"அப்ப அதைத் தமிழ்ப் பரீட்சையில எழுது."

முன்வரிசை சிரித்தது. அவள் நோட்டை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நடந்தது இவ்வளவுதான்.

கோடு இழுத்தது சரிதான் என்று இன்றும் என்னால் வாதாட முடியும். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் ரைம் ஆக வேண்டுமானால், அழுத்தம் விழும் உயிரொலியில் தொடங்கிச் சொல்லின் கடைசி வரை எல்லா ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வரும் மெய் மட்டும் மாறலாம். பட்டர், லெட்டர் இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, அங்கே ஒன்றில் அகரமும் மற்றதில் எகரமும் இருக்கின்றன, ஆகவே பின்னால் வரும் 'ட்டர்' எவ்வளவு ஒத்திருந்தாலும் பயனில்லை. இந்த விளக்கத்தை அவளுக்கு நான் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

ஆனால் அவள் சொன்னதும் தப்பில்லை. எதுகை வேறு கணக்கில் ஓடுகிறது: முதலெழுத்து அளவில் ஒத்து, குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று நின்றால் போதும், இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'கற்க கசடறக் கற்பவை' என்னும் 391ஆம் குறளில் இரண்டாமடி 'நிற்க' என்று தொடங்குகிறது. கற்க, நிற்க: முதலில் அகரம், அடுத்து இகரம். ஆங்கிலக் காதுக்கு இது ரைம் ஆகாது. நமக்கோ சின்ன வயதிலிருந்தே காதில் ஊறிப்போன பொருத்தம். அந்தக் காதோடுதான் அவள் பட்டரையும் லெட்டரையும் சேர்த்துக் கேட்டிருக்கிறாள். அவள் 'மேட்டர்' என்று எழுதியிருந்தால் தமிழய்யாவே அடித்திருப்பார், ஏனென்றால் நம் வாயில் அது நெடிலாகத்தான் வருகிறது. குறிலுக்குக் குறிலாகப் பார்த்துத்தான் அவள் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று எனக்குப் பிறகு தோன்றியது. ஒருவேளை அவளுக்கு இல்லாத நுட்பத்தை நானே ஏற்றிச் சொல்கிறேனோ என்னவோ.

என்னை உறுத்துவது கோடு அல்ல, 'தமிழ்ப் பரீட்சையில எழுது' என்ற அந்த வாக்கியம். அதே வகுப்பில், அதற்கு முந்தைய வாரம், அலிட்டரேஷன் நடத்தும்போது "நம்ம மோனை மாதிரிதான்" என்று சொல்லி, இரண்டே நிமிடத்தில் பாடத்தை முடித்துவிட்டுப் பெருமைப்பட்டவள் நான். எனக்கு வேண்டியபோது தமிழைக் கடன் வாங்கினேன், அவள் வாங்கியபோது கதவைச் சாத்தினேன். அடியின் தலையெழுத்து ஒத்தால் மோனை, அடுத்தது ஒத்தால் எதுகை, இறுதி ஒத்தால் இயைபு என்று தொல்காப்பியத்தின் செய்யுளியலே மூன்றையும் அருகருகே வைத்திருக்கிறது. ரைம் ஏறக்குறைய இயைபுக்குப் பக்கத்தில் வரும், எதுகைக்கு அல்ல என்று ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். அவளுடைய அப்பா கடைத்தெருவில் வேலை செய்கிறவர். இரவு ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் அவளுக்குத் தெரியாததல்ல. ஷட்டர், கட்டர் எல்லாம் அவள் வீட்டில் புழங்கும் சொற்கள், ஆனால் அவை ஆங்கிலப் பாடத்துக்குள் வரக்கூடியவை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பட்டரோடு ரைம் ஆகும் மட்டர், ஸ்டட்டர், ஃப்ளட்டர் ஆகியவற்றின் பொருளைப் பார்த்தால் முணுமுணுத்தல், திக்குதல், படபடத்தல் என்று எல்லாமே விட்டுவிட்டு நிகழும் செயல்களாக இருக்கின்றன. அவற்றின் கடைசியில் உள்ள 'அர்' என்ற ஒட்டு, திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டுவது. தமிழில் நாம் சொல்லையே இரட்டித்து முணுமுணு, படபட என்கிறோம். ரைமையும் பொருளையும் சேர்த்துக் கேட்கும் கேள்வியை வைத்தவள் நான்தான். இதைவிட நல்ல பாடம் அந்தக் கேள்விக்கு அமையாது. இதுவெல்லாம் வீட்டுக்கு வந்து இரவு பாத்திரம் கழுவும்போதுதான் வரிசையாக வந்தது.

அந்த வாரக் கடைசியில் நோட்டுகளை மறுபடி புரட்டியபோது, அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் தாளில் 'கம்' என்ற சொல்லுக்கு 'ஹோம்' என்று இருந்ததைப் பார்த்தேன். அதற்கு நான் ரைட் போட்டிருந்தேன். இரண்டும் ஓ, எம், இ என்று முடிவதால் கண் ஏமாந்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் 'கம்' என்ற சொல் 'குமன்'. உகரமும் மகரமும் அடுத்தடுத்து ஒரே மாதிரிக் கோடுகளாக விழுந்து குழப்பியதால், கையெழுத்துப் பிரதி எழுதியவர்கள் உகரத்துக்குப் பதிலாக ஒகரத்தைப் போட்டுப் பழகியதே இன்றைய எழுத்து. அவர்கள் செய்த மாற்றம் என்னையும் ஏமாற்றியது என்று சொல்லிக்கொள்ளலாம். காதால் கேட்டவளுக்குச் சுழியமும் கண்ணால் பார்த்தவளுக்கு ஒரு மதிப்பெண்ணும் கொடுத்திருந்தேன் என்பதுதான் உண்மை. அந்த ரைட்டை நான் திருத்தவில்லை. கொடுத்த மதிப்பெண்ணைப் பிடுங்குவது குழந்தையை வாட்டும் என்று அப்போது காரணம் சொல்லிக்கொண்டேன். என் பிழை வகுப்பில் தெரிந்துவிடும் என்பதும் காரணமாக இருந்திருக்கலாம்.

கண்டிப்பாக இருப்பது அவள் நன்மைக்குத்தான் என்றும் சில நாள் தோன்றும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பாடல் வரிகளைக் கொடுத்து ரைமிங் வேர்ட்ஸ் கேட்பார்கள். திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும், எதுகை என்று அவரிடம் போய் வாதாட முடியாது. பிறகு உடனேயே, அவள் என்னிடம்தானே வாதாடினாள், தேர்வுத்தாளிடம் இல்லையே என்றும் தோன்றும்.

அடுத்த தேர்வில் கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட சொற்களையே அவள் வரிசை மாறாமல் எழுதியிருந்தாள், ஒன்றைத் தவிர. கேள்வியில் இந்த முறை 'லெட்டர்' இருந்தது; அதற்கு அவள் 'பெட்டர்' என்று எழுதியிருந்தாள். என் குறிப்பில் பொருள் 'மேலான' என்று இருந்தது. அவள் 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தாள். காய்ச்சல் இப்போது பெட்டர் என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு எழுதியிருப்பாள். பேனாவைத் தாளின் மேலேயே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ரைட் போட்டேன்.