ஆவியமுக்கக் கணக்குகள்: வெள்ளவத்தை வகுப்புக் குறிப்புகள்

மார்ச் 4

இன்று பின்னேரம் உயர்தர வகுப்பில் ஆவியமுக்கம், அதாவது திரவத்திலிருந்து எழும் ஆவி தரும் அமுக்கம், தொடங்கியாயிற்று. முதல் கணக்கு: காற்றை வெளியேற்றிய, மூடிய 10 லீற்றர் பாத்திரம். வெப்பநிலை 30 பாகை செல்சியஸ். உள்ளே 2 கிராம் நீர் விடுகிறோம். அமுக்கம் எவ்வளவு?

முன்வாங்குப் பிள்ளை 2ஐ நீரின் மூலர்த்திணிவான 18ஆல் வகுத்து மூல் எண்ணிக்கை எடுத்தாள், அதை இலட்சிய வாயுச் சமன்பாட்டில் (PV = nRT) போட்டாள், "28 கிலோபஸ்கால், மிஸ்" என்றாள். கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. ஆனால் 30 பாகையில் நீரின் நிரம்பலாவியமுக்கம், அதாவது திரவத்தோடு சமநிலையில் நிற்கும் ஆவியின் அமுக்கம், 4.24 கிலோபஸ்கால்தான். சமநிலையில் நீராவி அதைத் தாண்டாது.

"அப்ப மிச்சத் தண்ணி?"

மிச்சம் திரவமாகவே கிடக்கும். சமன்பாட்டைத் திருப்பிப் போட்டோம்: 4.24 கிலோபஸ்கால், 10 லீற்றர், 303 கெல்வின். வந்தது 0.0168 மூல், ஏறக்குறைய 0.30 கிராம். 2 கிராமில் இவ்வளவுதான் ஆவி, 1.7 கிராம் அடியில் நிற்கிறது.

அப்புறம் 2 கிராமை 0.2 கிராமாக மாற்றிக் கொடுத்தேன். விடை 2.8 கிலோபஸ்கால். இது 4.24ஐ விடக் குறைவு. ஆகவே முழுவதும் ஆவி, சமன்பாடு தந்த விடையே விடை. ஒரே பாத்திரம், ஒரே வெப்பநிலை, நீரின் அளவு மட்டும் வேறு. "திரவம் மிஞ்சுமா?" என்று கேட்காமல் கணக்கில் கைவைக்க வேண்டாம் என்று எல்லோரையும் கொப்பியில் எழுத வைத்தேன். இந்தப் பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான்.

மார்ச் 6

தாங்க முடியாத புழுக்கம். அதையே கணக்காக்கினேன்: 30 பாகை, சாரீரப்பதன் 80 வீதம் என்றால் காற்றில் நீராவியின் பகுதியமுக்கம் (நீராவி மட்டும் தரும் பங்கு) 4.24இன் 80 வீதம், அதாவது 3.4 கிலோபஸ்கால். நிரம்ப இன்னும் 0.84 தான் இடைவெளி. வியர்வை ஏன் காயவில்லை என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு 2 கிராம் நீர் விட்ட பழைய பாத்திரத்தை அதே வெப்பநிலையில் 5 லீற்றராகச் சுருக்கினோம். பாதிப் பேர் அமுக்கம் இரட்டிக்கும் என்றார்கள். போயிலின் விதி (கனவளவு பாதியானால் அமுக்கம் இரட்டிக்கும்) வாயுவின் மூல் எண்ணிக்கை மாறாதபோது மட்டுமே செல்லும். இங்கே ஆவியில் பாதி ஒடுங்கித் திரவமாகிறது. அமுக்கம் அதே 4.24.

மார்ச் 9

நீரின் மேல் சேகரித்த ஐதரசன். மொத்த அமுக்கம் பகுதியமுக்கங்களின் கூட்டுத்தொகை என்பது தாற்றனின் விதி; ஆகவே மொத்தத்திலிருந்து நீராவியின் பங்கைக் கழித்தால் முடிந்தது. சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள்.

மார்ச் 11

இரவோற்றின் விதி: கலவையில் ஒரு திரவத்தின் பகுதியமுக்கம், அதன் தூய ஆவியமுக்கத்தைத் திரவத்தில் அதன் மூல்பின்னத்தால் (மொத்த மூல்களில் அதன் பங்கால்) பெருக்கியது. 25 பாகையில் தூய பென்சீனின் ஆவியமுக்கம் 12.7, தொலுயீனுடையது 3.79 கிலோபஸ்கால். சம மூல் கலவையில் பென்சீன் 6.35, தொலுயீன் 1.90, மொத்தம் 8.25. இதுவரை தடங்கல் இல்லை. "ஆவியில் பென்சீனின் மூல்பின்னம்?" என்றதும் பல குரல்கள்: 0.5!

திரவத்தின் மூல்பின்னத்தை அப்படியே ஆவிக்குத் தூக்கிப் போடக்கூடாது. 6.35ஐ 8.25ஆல் வகுத்தால் 0.77. எளிதில் ஆவியாவது ஆவியில் கூடுதலாக இருக்கும். பின்வாங்குத் தம்பி, "அந்த ஆவியை மட்டும் எடுத்து ஒடுக்கினால், மிஸ்?" என்று கேட்டான். எவ்வளவு அருமையான கேள்வி! அதையே வீட்டுவேலையாகக் கொடுத்துவிட்டேன்: 0.77 பென்சீன் உள்ள திரவத்தின் மேல் ஆவியில் பென்சீன் எவ்வளவு? 0.92 வர வேண்டும். வந்தால் வெள்ளிக்கிழமை நேரே பகுதிபடக் காய்ச்சி வடித்தலுக்கு, அதாவது இப்படி ஆவியாக்கி ஒடுக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்து பிரிப்பதற்கு, போகலாம்.