கிளிக் நின்றால் திமிங்கிலம் போய்விட்டதா?

நீலகிரியின் உச்சி தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். தெற்குக் கலிஃபோர்னியக் கடலில் டேக் (உடலில் மாட்டும் சிறு பதிவுக் கருவி) மாட்டிய ஒரு கியூவியர் அலகுத் திமிங்கிலம் அதைவிட ஆழமாக, 2,992 மீட்டர் வரை முங்கியதாக 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. மூச்சு வாங்க மேலே வருவது கொஞ்ச நேரம்தான். அதனால் கண்ணை நம்பி எண்ண முடியாது, காதைத்தான் நம்ப வேண்டும்: இரை தேட அது எழுப்பும் ‘கிளிக்’ ஒலிகளைக் கேட்டு எண்ண வேண்டும்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வௌவால் ஒலி பதிகிறவர்களுக்கு இதில் பாதி வேலை தெரிந்ததுதான். கியூவியரின் கிளிக்கும் மனிதக் காதுக்கு எட்டாத 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வரும். நொடிக்கு 1,92,000 சாம்பிள், 16 பிட் என்று வைத்தால் ஒரு ஹைட்ரோஃபோனுக்கு (தண்ணீருக்கடி மைக்) ஒரு நாளைக்கு 33 ஜிபி. இடத்தை மிச்சம்பிடிக்க 15 நிமிஷத்துக்கு 5 நிமிஷம் மட்டும் பதிந்தால், சட்டென்று கடந்துபோகும் கூட்டம் கணக்கிலேயே வராது. காசு இருந்தால் கூடுதல் டிஸ்க் வாங்கி முழு நேரமும் பதியுங்கள்.

பலரும் சறுக்குவது ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது நேரத்தோடு சுருதி மாறுவதைக் காட்டும் படத்தில். வௌவாலுக்கு வைத்த 1,024 சாம்பிள் ஜன்னலை (ஒரு தடவைக்கு எடுத்து அலசும் துண்டு) அப்படியே விட்டால் கிளிக் வெறும் செங்குத்துக் கோடாகத் தெரியும். மொத்தக் கிளிக்கே 40 சாம்பிள் சொச்சம்தானே! ஜன்னலை 64-க்குக் குறைத்து, ஓவர்லாப்பை (அடுத்தடுத்த ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் அளவு) 98 சதவீதம் ஆக்குங்கள். கீழிருந்து மேலே ஏறும் சாய்வு அப்போதுதான் தெரியும். அடுத்த கிளிக் ஏறக்குறைய 0.4 நொடி கழித்து. டால்பினுக்கு அந்தச் சாய்வு இருக்காது. படகுகளின் எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) 38, 50 கிலோஹெர்ட்ஸில் ஏமாற்றும். அதன் சுருதி ஏறாது, இறங்காது.

எண்ணிக்கைக்கு, கேட்ட கிளிக்குகளை ஒரு விலங்கு சராசரியாக எழுப்பும் கிளிக்குகளால் வகுக்கிறோம். கடற்படைக் கப்பல்கள் நீர்மூழ்கிகளைத் தேடச் சோனார் ஒலி அடித்தால் இந்தக் கணக்கு படுத்துவிடும். பஹாமாஸில் பிளெய்ன்வில் அலகுத் திமிங்கிலங்கள் சோனார் கேட்டதும் கிளிக்கை நிறுத்தி விலகின. கடற்படைப் பயிற்சி முடிந்து இரண்டு மூன்று நாளில்தான் மெல்லத் திரும்பின. விலகியது எத்தனை, வாயை மூடிக்கொண்டு அங்கேயே இருந்தது எத்தனை என்று ஹைட்ரோஃபோன் சொல்லாது. அமைதியான நாளின் சராசரியைப் பயிற்சி நாளுக்குப் போடுவது தப்பு. உறிஞ்சுகிண்ண டேக் ஆழத்தையும் ஒலியையும் சேர்த்துத் தரும், ஆனால் சில மணி நேரத்தில் கழன்றுவிடும். சாட்டிலைட் டேக் வாரக்கணக்கில் நிற்கும், ஒலி இருக்காது. இரண்டும் வேண்டும். குட்டிகள் குறைகின்றனவா என்று பார்க்க, தழும்புகளை வைத்து ஆள் அடையாளம் காணும் புகைப்படங்களை வருஷக்கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பயிற்சித் தேதிகளைக் கடற்படை தராவிட்டாலும், சோனார் உங்கள் பதிவிலேயே 3 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் படிந்திருக்கும். வௌவால் பழக்கத்தில் ரெக்கார்டரின் ஹை-பாஸ் ஃபில்டரை (தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடும் அமைப்பு) ஆன் செய்தால் அதுவும் போச்சு.