ஓரம் உள்ளே போகாமல் வால் ஹேங்கிங் நெய்ய

கீழே 30 செ.மீ. இருந்த அகலம் மேலே போகப் போக 25 ஆகிவிடும். சுவரில் தொங்கவிடும் நெசவான வால் ஹேங்கிங் நெய்யத் தொடங்குபவர்களுக்கு முதலில் வரும் சிக்கல் இதுதான். குறுக்கே ஓடும் ஊடை நூல், தறியில் நெடுக்காகக் கட்டிய ஒவ்வொரு பாவு இழையையும் மேலும் கீழுமாகச் சுற்றிப் போகிறது. அந்த வளைவுக்கு வேண்டிய நீளத்தை நாம் கொடுக்காவிட்டால், ஓரத்து இழைகளை உள்ளே இழுத்து அதுவே எடுத்துக்கொள்ளும்.

முதலில் தறி. 40-க்கு 50 செ.மீ. மரச்சட்டம் போதும். மேலும் கீழும் 1 செ.மீ. இடைவெளியில் 31 ஆணிகள் அடித்து, மேல் ஆணி, கீழ் ஆணி என மாறி மாறிச் சுற்றினால் 60 இழைக்கு மேல் கிடைக்கும். அதற்கு 35 மீட்டர் நூல் வேண்டும். பாவுக்கு முறுக்கேறிய பருத்தி நூல்தான் சரி. உல்லன் நூல் இழுபடும், பாதி நெய்வதற்குள் தொய்ந்துவிடும். கடைசி முடிச்சைப் போடுமுன் முதல் இழையிலிருந்து ஒருமுறை இழுத்துச் சரிசெய்யுங்கள். பின்னால் சுற்றியவை சட்டத்தை லேசாக வளைப்பதால், முதலில் சுற்றியவை தளர்ந்திருக்கும். தட்டினால் எல்லா இழையும் ஒரேபோல அதிர வேண்டும்.

அடியில் 8 செ.மீ. உயர அட்டையைச் செருகுங்கள். பிறகு முடிச்சுப் போட அந்த இடம் வேண்டும். அட்டைக்கு மேல் பாவு நூலாலேயே ஐந்து வரிசை நெய்தால் இழைகள் சம இடைவெளிக்கு வந்துவிடும்.

இப்போது ஊடை. நூலை நேராக விடாதீர்கள். ஐந்தாறு செ.மீ.க்கு ஒரு சின்னக் குன்று வருவதுபோல வளைத்து விட்டு, குன்றின் உச்சியை முதலில் சீப்பால் அழுத்தி, பிறகு பக்கங்களைத் தட்டுங்கள். நூல் புழுபோல மேலே துருத்தினால் வளைவு அதிகம்; ஓர இழை சாய்ந்தால் குறைவு. மூன்று செ.மீ.க்கு ஒருமுறை ஸ்கேல் வைத்து அளப்பது நல்லது. 1 செ.மீ. குறைந்திருந்தால் தயங்காமல் பிரித்துவிடுங்கள், மேலே போய்ச் சரிசெய்ய முடியாது. பாவு வெளியே தெரிந்தால் ஊடை மெல்லியது, இரண்டு மூன்று இழை சேர்த்து நெய்யலாம்.

இரண்டு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் பிளவு விழும். மூன்று செ.மீ.க்கு மேல் போனால் வாய் திறந்து தொங்கும். அங்கே இரு நூல்களையும் ஒன்றோடொன்று கோர்த்துத் திருப்புங்கள், அல்லது எல்லையைப் படிப்படியாகச் சாய்த்துவிடுங்கள்.

குஞ்சம்தான் இதன் அழகு. 20 செ.மீ. துண்டுகள் நான்கைச் சேர்த்து இரண்டு பாவு இழைகளுக்கு மேலே குறுக்காக வையுங்கள். இரு முனைகளையும் வெளிப்பக்கமாகப் பின்னால் கொண்டுபோய், இரண்டு இழைகளுக்கும் நடுவே முன்னால் எடுத்துக் கீழ்நோக்கி இழுங்கள். குஞ்ச வரிசைக்கு மேல் குறைந்தது மூன்று வரிசை சாதா நெசவு வேண்டும். இல்லாவிட்டால் முடிச்சு நழுவும்.

மேலே ஐந்து செ.மீ. நெருங்கும்போது கை நுழையாது, வளைந்த முனையுள்ள பெரிய ஊசிக்கு மாறுங்கள். முடிந்ததும் அட்டையை உருவிவிட்டு, கீழே நான்கு இழை வெட்டி, இரண்டிரண்டாக முடிச்சுப் போட்ட பிறகே அடுத்த நான்கை வெட்டுங்கள். மொத்தமாக வெட்டினால் அடி வரிசைகள் சரிந்துவிடும். மேல் வளையங்களை ஆணியிலிருந்து கழற்றி நேராகக் குச்சியில் கோர்க்கலாம். சுருண்டால், பின்பக்கம் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மேலோட்டமாகப் பிடித்தால் போதும். அக்ரிலிக் நூலில் மட்டும் பெட்டி படவே கூடாது, தட்டையாகிவிடும்.