பென்ட்ரைவில் பப்பி: சேமிப்பை எங்கே வைப்பது

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் உறுப்பினர் பட்டியலும் 2021ஆம் ஆண்டிலிருந்து ஒரு 16 ஜீபி பென்ட்ரைவிலேயே இருந்து வருகின்றன. செயலாளர் என்ற முறையில் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வன்னியில் ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடையே அலைபவன் நான். என் வீட்டில் இருப்பது கனடாவிலிருந்து மாமா அனுப்பிய பழைய மடிக்கணினி. 2 ஜீபி நினைவகம், 32 பிட் செயலி, மின்கலம் செத்து வெகுகாலம். விண்டோஸ் அதில் மூச்சு வாங்கியதால், விண்டோஸுக்குப் பதிலாகப் பழைய கணினிகளிலும் ஓடக்கூடிய பப்பி (நாய்க்குட்டி) லினக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தின், 2019இல் வெளிவந்த பயோனிக்பப் 32 பதிப்பைப் பென்ட்ரைவில் ஏற்றிக்கொண்டேன்.

பப்பியை 2003இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி கௌலர். அதன் மூலக் கோப்பு சுருக்கப்பட்டது, வாசிக்க மட்டுமே கூடியது. கணினியை இயக்கும்போது அது நினைவகத்துக்குள் ஏற்றப்படும். நாம் சேர்க்கும் எழுத்துருவும் மாற்றும் அமைப்புகளும் அதன் மேல் ஓர் அடுக்காகப் படிந்து, கணினியை நிறுத்தும்போது சேமிப்புக் கோப்பாகவோ சேமிப்புக் கோப்புறையாகவோ எழுதப்படும். அந்த அடுக்கு இல்லையென்றால் பாமினி என்ற தமிழ் எழுத்துரு இல்லை, ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு இல்லை, சங்கத்தின் கடிதத் தலைப்பும் இல்லை. ஆகவே அது எங்கே எழுதப்படுகிறது என்பதை முதல் நாளிலேயே யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

வேகமாக இருக்கும் என்று எண்ணி, சேமிப்பை மடிக்கணினியின் வன்தட்டில் வைத்தேன். தொடக்கப் பட்டியலின் கட்டளை வரியில் சேமிப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'பிசேவ்' என்ற அளவுருவைச் சேர்த்து, வன்தட்டின் முதற் பார்ட்டிஷனை, அதாவது முதற் பிரிவை, குறித்துவிட்டேன். மூன்று கிழமைகள் எல்லாம் சரியாக நடந்தது. பிறகு ஒரு நாள் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை அச்செடுப்பதற்காக மாங்குளத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய், அங்குள்ள கணினியில் பென்ட்ரைவைச் செருகினேன். மொழி என்ன, நேர வலயம் என்ன, விசைப்பலகை என்ன என்று முதல்நாள் கேட்ட கேள்விகளையே பப்பி மறுபடியும் கேட்டது. பக்கத்தில் நின்ற தங்கையின் மகன், "மாமா, எல்லாம் அழிஞ்சு போச்சோ?" என்றான். "இல்லையடா, வீட்டில கிடக்கு" என்றேன். உண்மையும் அதுதான்: நாயைக் கொண்டு வந்தேன், அதன் நினைவை ஒட்டுசுட்டானில் விட்டுவிட்டேன்.

சேமிப்பைப் பென்ட்ரைவுக்கே மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தால், அங்கேயும் ஒரு பொறி உண்டு. பென்ட்ரைவ்கள் பெரும்பாலும் ஃபாட் 32 என்ற கோப்பு முறைமை வடிவில் வருகின்றன. லினக்ஸின் கோப்பு அனுமதிகளையும் குறியீட்டு இணைப்புகளையும் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுவழிகள்) அவ்வடிவம் தாங்காது. ஆதலால் அதன் மேல் சேமிப்புக் கோப்புறை வைக்க முடியாது, தன்னுள்ளே லினக்ஸ் வடிவம் கொண்ட ஒற்றைச் சேமிப்புக் கோப்பைத்தான் வைக்கலாம். அந்தக் கோப்புக்கு முன்கூட்டியே அளவு குறிக்க வேண்டும். ஃபாட் 32இல் எந்தக் கோப்பும் 4 ஜீபியைத் தாண்டாது. 512 எம்பி போதும் என்று குறித்தவர்கள் இரண்டொரு மென்பொருள் சேர்த்ததும் நிரம்பிவிட்டதென்று தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். பெருப்பிக்கும் கருவி பப்பியிலேயே இருக்கிறது என்றாலும், கோப்புறையோ பார்ட்டிஷனில் இடம் உள்ளவரை தானாக வளரும். அதனால் எனக்குக் கோப்புறையே பிடித்தது.

ஜிபார்ட்டெட் என்ற வட்டுப் பிரிப்புக் கருவி கொண்டு பென்ட்ரைவை இரண்டாகப் பிரித்தேன். முதல் 10 ஜீபி ஃபாட் 32; பப்பியின் கோப்புகளும் சங்கத்தின் ஆவணங்களும் அங்கே. மீதி, லினக்ஸுக்கு உரிய ஈஎக்ஸ்டி 4 வடிவம். அங்கே சேமிப்புக் கோப்புறை மட்டும். ஆவணங்களை முதற் பிரிவில் வைத்ததற்குக் காரணம், பென்ட்ரைவின் முதற் பார்ட்டிஷனை மட்டுமே காட்டும் பழைய விண்டோஸ் கணினிகள் இன்னும் பல இடங்களில் இருப்பதுதான். பென்ட்ரைவில் எழுதப்படும் தடவைகள் குறைவாக இருக்க வேண்டும் என்று, குறிப்பேடு இல்லாத பழைய ஈஎக்ஸ்டி 2 வடிவத்தைப் பரிந்துரைப்போர் உண்டு. கொழும்பில் மின்கலம் நன்றாக உள்ள மடிக்கணினி வைத்திருப்பவருக்கு அது பொருந்தலாம். மாரியில் வாடைக்காற்று அடித்தாலே மின்சாரம் போகும் வன்னியில், செய்யப்போகும் மாற்றத்தை எழுதுமுன் தன் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும் ஈஎக்ஸ்டி 4தான் எனக்குப் புத்தியாகப் பட்டது.

அடுத்த தவறும் கட்டளை வரியில்தான். இம்முறை பிசேவ் அளவுருவில் பென்ட்ரைவின் இரண்டாம் பார்ட்டிஷனை 'எஸ்டிபி 2' என்று எழுதினேன். இந்தப் பெயர்களை லினக்ஸின் மையப் பகுதியான கருநிரல், தான் வட்டுகளைக் கண்டுகொள்ளும் வரிசைப்படி வழங்குகிறது. என் மடிக்கணினியில் 'பி' ஆக இருந்த பென்ட்ரைவ், இரண்டு வன்தட்டுகள் பூட்டிய தங்கை வீட்டுக் கணினியில் 'சி' ஆகிவிட்டது. பப்பி மறுபடியும் வெறுமையாக எழும்பியது. பெயருக்குப் பதிலாக மாறாத அடையாள எண்ணைக் கொடுக்கலாம், ஆனால் அந்த நீள எண்ணைத் தட்டச்சுச் செய்வதில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பழைய கதைதான்.

இதற்குப் பப்பியில் மிக எளிய வழியொன்று உண்டு; எனக்குத்தான் பிந்தித் தெரிந்தது. பப்பியின் கோப்புகள் கிடக்கும் அதே கோப்புறைக்குள், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல், பின்னொட்டு எதுவுமில்லாமல் 'சேவ்மார்க்' என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, அதற்குள் '2' என்ற ஓர் இலக்கத்தை மட்டும் எழுதிச் சேமித்தேன். பப்பியின் கோப்புகள் எந்த வட்டில் உள்ளனவோ, அதே வட்டின் இரண்டாம் பார்ட்டிஷனில் சேமிப்பைத் தேடு என்பது அதன் பொருள். வட்டுக்கு எந்தக் கணினி என்ன பெயர் வைத்தாலும் இது பாதிக்கப்படாது. கட்டளை வரியிலிருந்த பிசேவை அழித்துவிட்டு, இரண்டாம் பிரிவிலும் முதற் பிரிவில் உள்ள அதே பெயரிலேயே கோப்புறை அமைத்து, அதற்குள் சேமிப்பை வைத்தேன்.

சேமிக்கும் வேளையையும் சொல்லியாக வேண்டும். பென்ட்ரைவ் முறையில் இயங்கும்போது மாற்றங்கள் நினைவகத்திலேயே தங்கி, 30 நிமிடத்துக்கு ஒரு தடவை சேமிப்புக்கு எழுதப்படும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தில், அப்படி எழுதிக்கொண்டிருந்த நடுவிலேயே ஒருமுறை மின்சாரம் போய், மறுநாள் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் தெரிவோடு தொடங்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு பப்பியின் நிகழ்வு மேலாளர் என்ற அமைப்பில் அந்தச் சேமிப்பு இடைவெளியைப் பூச்சியமாக்கி, தானாக எழுதுவதை நிறுத்திவிட்டேன். எழுத்துருவோ அமைப்போ மாற்றினால் மட்டும் முகப்புத் திரையிலுள்ள சேமிப்புப் பொத்தானை அழுத்துகிறேன். கடிதங்கள் இந்த அடுக்குக்குள் போகாமல் நேரே முதற் பார்ட்டிஷனில் எழுதப்படுவதால் அவற்றுக்கு இது தேவையில்லை.

மாதம் ஒருமுறை, சேமிப்பை ஏற்றாமல் நினைவகத்தில் மட்டும் பப்பியைத் தொடங்கி, அந்தச் சேமிப்புக் கோப்புறை முழுவதையும் 'டார்' என்ற ஒரே பொதிக் கோப்பாகக் கட்டி முதற் பிரிவில் வைக்கிறேன். டாராகக் கட்டினால் அனுமதிகளும் இணைப்புகளும் அதற்குள்ளேயே இருக்கும், ஃபாட் 32 அவற்றைக் கெடுக்காது. கடைசியாகக் கட்டியது 190 எம்பி வந்தது; அதில் ஒரு பிரதி தங்கையின் கணினியிலும் கிடக்கிறது.